எட்டு மீட்டர் தெளிவு

கோத்தன்பர்க்கிலிருந்து கோடை கழிக்க வந்தவர்கள்
படகை நிறுத்திவிட்டு வியந்தார்கள்:
எவ்வளவு தெளிந்த தண்ணீர்!
எட்டு மீட்டர் ஆழத்தில்
யாரோ தவறவிட்ட தேக்கரண்டி
கைப்பிடிப் பூவேலையோடு தெரிகிறது.

ராக்னில்டு ஒன்றும் சொல்லவில்லை.
புட்டியைக் கயிற்றில் இறக்கினாள்.
மோர்ட்ஷோன் என்றால் மோர்ட் மீனின் ஏரி.
செந்துடுப்பு மீன், நம் கெண்டைக்குப் பங்காளி.
பதினோரு வருடமாக அது
பெயரில் மட்டும் நீந்துகிறது.

மானி காட்டியது நான்கு புள்ளி ஆறு.
பழைய நோட்டில் ஆறு புள்ளி ஆறு.
இரண்டுதானே குறைவு என்றான் நகராட்சிக் கணக்கன் யெர்க்கர்.
இரண்டு இல்லை, யெர்க்கர்.
இந்த ஏணியில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு,
இரண்டு படி இறங்கினால் நூறு.
சம்பளப் பட்டியலில் நீ போடும் கழித்தல் இங்கே செல்லாது.

மழை தொலைவிலிருந்து வந்தது.
கடலுக்கு அப்பால் யாரோ நிலக்கரி எரித்தார்கள்,
தங்கள் ஊரில் புகை படியாதிருக்க
புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள்.
கந்தகம் மேகமேறி, நீரோடு சேர்ந்து,
பாஸ்போர்ட் இல்லாமல்
ஸ்மோலாந்துக் காட்டில் இறங்கியது.
சுண்ணாம்பு மண்ணாக இருந்தால்
வந்த புளிப்பை வாங்கி விழுங்கியிருக்கும்.
இங்கே கருங்கல்.
கருங்கல்லுக்கு வாய் இல்லை.

அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜனை
எவர் கையிலாவது திணித்துவிடத் துடிக்கும்.
கேட்காமல் கொடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.
மண்ணில் உறங்கிய அலுமினியத்தை அது எழுப்பியது;
அலுமினியம் செவுளில் போய் உட்கார்ந்தது;
தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்தன மீன்கள்.

சிக்ஸ்தன் வீட்டுக் கிணற்றுநீர்
செம்புக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.
ஒரு சனிக்கிழமை அவன் மகள் தீரா
தலைகுளித்துவிட்டு வந்து நின்றாள்:
பொன்வெளுப்புக் கூந்தல் இளம்பச்சை.
பள்ளியில் தவளை என்றார்கள்.
ஏரியில் தவளைச் சத்தமே இல்லாத வருடம் அது.

மே மாதம் படகு வந்தது,
வயிறு நிறைய சுண்ணாம்புக்கல் மாவோடு.
காரம் என்றதும் தமிழ் நாக்கு மிளகாயைத் தேடும்.
இந்தக் காரம் வேறு:
நீட்டிய ஹைட்ரஜனை
மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வது.
குழாய் திறந்ததும் ஏரி பாலாயிற்று.
பள்ளி ஆய்வகத்தில்போல் நுரைத்துப் பொங்கும் என்று
யெர்க்கர் கேமரா கொண்டுவந்திருந்தான்.
பொங்கவில்லை.
அந்தப் புளிப்பு
மீனைக் கொல்லப் போதும்,
படம் பிடிக்கப் போதாது.

மோதல் முடிந்ததும்
கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கரியமிலவாயு,
மிச்சம் ஓர் உப்பு. ஜிப்சம் என்று பெயர்,
கரும்பலகைச் சாக்குக்கட்டியின் சொந்தம்.
சோற்றில் விழுவது மட்டுமா உப்பு?
இரு தரப்பும் தன் குணம் இழந்த இடத்தில்
எஞ்சிக் கிடப்பதற்கும் அதுதான் பெயர்.
உண்டவரிடம் விசுவாசம் கேட்காத உப்பு இது.

அடுத்த கோடையில் ஆறு புள்ளி மூன்று.
பாசி வந்தது. பூச்சி வந்தது.
பால்கேன்களில் பக்கத்து ஏரி மோர்ட் மீன்கள்
நாற்பத்தியிரண்டு வந்து இறங்கின.
தேக்கரண்டி மறைந்துபோனது.
கோத்தன்பர்க்கிலிருந்து கடிதமும் வந்தது:
ஏரியில் எதைக் கொட்டினீர்கள், ஒரே கலங்கல்,
குழந்தைகள் குளிக்கத் தயங்குகிறார்கள்.
ராக்னில்டு அதைப் புட்டி அலமாரியின் கதவில் ஒட்டினாள்,
சிரிக்கவேண்டிய நாட்களுக்காக.

மூன்று வருடத்தில் மறுபடி கொட்டவேண்டும்.
மேகம் இன்னும் பழைய வழியில்தான் வருகிறது.

தீரா ஒருநாள் முடியை வெட்டிக்கொண்டு வந்தாள்.
புதிதாக வளர்ந்தது பொன்னிறம்;
வெட்டியது கையில், உறையில், பச்சையாகவே.
இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.
ராக்னில்டு லேபிள் ஒட்டினாள்,
தேதி எழுதினாள், கிணற்றின் பெயர் எழுதினாள்.
எண் எழுதும் கட்டத்தில்
பேனா சற்று நின்றது.